ஜீப் விட்டுப் போன அத்தியாயம்

போடிநாயக்கனூர் நூலகத்தில் என் நாவல் எப்போது போய்ப் பார்த்தாலும் இருக்காது. யாராவது எடுத்துப் போயிருப்பார்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமாகவும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மாதம் ஒருமுறை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவேன். நாவல் அடுக்கில் என் புத்தகம் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, ஒரு வாரப் பத்திரிகையைப் பேருக்குப் புரட்டிவிட்டு வீட்டுக்கு நடப்பேன். அன்றைக்கு வழியில் யார் எதிர்ப்பட்டாலும் நின்று நலம் விசாரிப்பேன்.

நான் பிறந்தது ராசிங்காபுரம். தென்னையும் சோளமும் போடுகிற குடும்பம். வாக்கப்பட்டு வந்தது போடி. வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். காலை ஒன்பதரைக்கு அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் அதில் உட்கார்ந்து எழுதுவேன். நாலு நாவலும் அந்த மேஜையில் பிறந்தவைதான். என்னைப் பார்க்க வருகிற வாசகர்கள், மலையைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். எங்கள் ஜன்னல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இருக்கிறது. மலை வேண்டுமென்றால் துணி காயப்போட மாடிக்குப் போக வேண்டும்.

நாலாவது நாவல்தான் பேர் வாங்கித் தந்தது. போடியிலிருந்து தினமும் விடிகாலையில் ஜீப் ஏறி, மலை மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகும் பெண்களைப் பற்றியது. அதில் பதினோராம் அத்தியாயம் என் செல்ல அத்தியாயம். கதாநாயகி தோட்டத்தின் கடைசிக்குப் போய்விடுகிறாள். மஞ்சு என்கிற மலைப்பனி இறங்குகிறது. மற்றவர்கள் அவளை மறந்து ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறார்கள். தனியாக நிற்கிற அவள், அடிக்கிற புருஷனிடம் இனித் திரும்புவதில்லை என்று முடிவு செய்து மறுபக்கம் நடக்கத் தொடங்குகிறாள். அதற்குப் பிறகு வருகிற கதை முழுக்க அந்த நடையில்தான் தொங்குகிறது.

கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் அதைத்தான் வாசிப்பேன். இப்போது போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் இருப்பதால் கூப்பிடுகிறவர்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம். ஒரு முறை சென்னை மேடையில் ஒரு விமர்சகர், ஒரு சமூகமே ஒரு பெண்ணைக் கைவிட்டுப் போகும் காட்சி இது என்றார். ரயிலில் திரும்பும்போது அந்த வரியை டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். மதுரை வந்ததும் எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

இப்படி மிதந்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் நூலகத்தில் என் புத்தகம் இருந்தது. முதலில் அதற்கே மனசு கசந்தது. நூலகப் பெண், "இப்பத்தான்க்கா திரும்பி வந்துச்சு, இன்னும் அஞ்சு நிமிசத்துல யாராச்சும் எடுத்திருவாங்க" என்று சமாதானம் சொன்னாள். கையில் எடுத்தேன். முதுகு பிய்ந்து டேப் ஒட்டியிருந்தது. பக்கங்களில் செடிக்கறை. மூக்கருகே கொண்டுபோனால் பச்சை ஏலக்காய் வாசம். மலைக்கே போய் வந்திருக்கிறது என் புத்தகம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. பழக்கதோஷத்தில் பதினோராம் அத்தியாயத்தைத் திறந்தேன். ஜீப் கிளம்புகிற பத்திக்குப் பக்கத்தில், பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில், "இது பொய்" என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். இரண்டு காதும் சூடானது. யார் எடுத்துப் போனது என்று கேட்டேன்.

"அத வெளிய சொல்லக்கூடாதுக்கா."

நான் நகராமல் நின்றேன். அவள் முத்திரையைத் துடைத்தாள், பேனாவை மூடினாள், கடைசியில் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வாக்குல ஒருத்தவங்க புக்கு எடுக்க வருவாங்க. நீங்களும் புக்கு எடுக்க வாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அதே வாரம் பதிப்பாளர் கூப்பிட்டார். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது, திருத்தம் இருந்தால் மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள் என்றார். ஒரு திருத்தமும் இல்லை என்றேன். சொன்ன குரல் எனக்கே கொஞ்சம் பிசிறடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நாற்பது வயசிருக்கும், என்னைவிடப் பத்து வயசாவது இளையவர். தலைக்குக் குளித்து முடியை நுனியில் முடிந்திருந்தார். பென்சில் அவர் பைக்குள்தான் இருந்தது. நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "நூலகப் புக்குல எழுதுனது தப்புதாம்மா. அழிச்சிர்றேன்" என்று ரப்பரைத் தேடினார்.

"எழுதினதை அழிச்சிடலாம். நெனச்சதை என்ன செய்யப் போறீங்க?" என்றேன். மேடையில் பேசிப் பேசி வந்த வாய்.

அவர் அசரவில்லை. "நெனச்சது நெனச்சதுதாம்மா" என்றார்.

விஷயம் இதுதான். அவர் பன்னிரண்டாவது வரை படித்தவர். அவர்கள் ஜீப்பில் பதினாலு பெண்கள். தோட்டத்தில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாப்பிட்டு முடித்துவிட்டு வாசிக்க, மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். முதலில் ஜீப்பிலேயே வாசித்துப் பார்த்தாராம். மூன்றாவது வளைவில் வாந்தி வந்து விட்டுவிட்டார். என் நாவலைத்தான் பல மாதமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். வேலை மும்முரமான நாளில் ஒரு பக்கம், மழை நாளில் நாலு பக்கம். திருப்பிக் கொடுக்கிற தேதி வந்தால் மறுபடி அதையே எடுப்பார். எனக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. இதைவிட ஒரு எழுத்தாளருக்கு என்ன வேண்டும்?

"அப்ப முழுசும் வாசிச்சாச்சா?" என்றேன்.

"இல்லம்மா. அந்தப் பக்கத்தோட நிப்பாட்டிட்டோம்."

"ஏன்?"

"புருசன் அடிக்கிறான்னு எழுதியிருந்தீங்க, நம்பினோம். அட்டை கடிக்கிறது, மழை பேயிறது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நாங்க ஒருத்திய விட்டுட்டு ஜீப்பேறிப் போனோம்னு வருதுல்ல, அதை வாசிச்சதும் ஒருத்தி சோத்த மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இதுக்கு மேல வாசிக்காதன்னுட்டாங்க. சரின்னு கொண்டாந்து குடுத்துட்டேன்."

கதைதானே என்றேன். எங்காவது ஒரு ஜீப்பில் நடந்திருக்கலாமே என்றேன். கற்பனைக்கு இடம் உண்டே என்றும் சொன்னேன். அதற்கும் ரொம்ப மரியாதையாகத்தான் பதில் வந்தது.

"நீங்க எந்த ஜீப்புலம்மா போனீங்க?"

நான் எந்த ஜீப்பிலும் போனதில்லை. சொந்தக்காரர் தோட்டத்துக்குக் காரில் போய், காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் டீ குடித்து, பார்த்துவிட்டு வந்தவள். மற்றதெல்லாம் உரக்கடைக்கு வருகிற பெண்களிடம் துருவித் துருவிக் கேட்டது. ஏலத்தின் தரம் சொல்லத் தெரியும், நிறம் பார்க்கத் தெரியும். மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மலையைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்கிற நினைப்பு. இந்தத் தவறைச் சென்னைக்காரர் செய்யமாட்டார். அவர் தெரியவில்லை என்று கேட்டுக்கொண்டு வருவார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்கள் ஜீப்பில் ஏறினேன். வீட்டுக்காரர், இந்த முட்டிவலியோடு போகிறாயா என்று கேட்டார். பதிப்பாளரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருந்தேன். என் செல்ல அத்தியாயம் நிற்குமா விழுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எல்லாரும் நெருக்கி உட்கார்ந்து எனக்குப் பின்பக்க ஓரத்தில் இடம் விட்டார்கள். டிரைவர் ஐம்பது வயசுக்காரர். "ஆத்தா, வெரசா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். உள்ளே இருந்து ஒரு குரல் "ஒண்ணு" என்றது. "ரெண்டு." "மூணு." பென்சில்காரி "அஞ்சு" என்றார். "பதினொண்ணு" என்றதும் அடுத்த குரல் "பதிமூணு" என்றது. பன்னிரண்டுக்கு அன்றைக்குக் காய்ச்சல். "பதினாலு." வண்டி கிளம்பவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பதினஞ்சு சொல்லுங்கம்மா" என்றார் பென்சில்காரி. "சொன்னாத்தான் அண்ணன் சாவியத் திருப்புவாரு."

பதினஞ்சு என்றேன். வண்டி கிளம்பியது.

அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறும்போது அந்த ஏற்பாட்டை விளக்கினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். வராத நாளில் அதைத் தாண்டிச் சொல்வார்கள், வேறொருத்திக்குக் கொடுக்கமாட்டார்கள். வேலையை விட்டே நின்றுவிட்டால்தான் அது அடுத்தவளுக்குப் போகும். காலையில் சொன்ன நம்பரெல்லாம் சாயங்காலமும் சொல்லியாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது. ஒருத்தி குரங்கணிப் பக்கம் இறங்கிய மேகத்தைக் காட்டி, "இந்த மஞ்சுல, ஆனை நிக்கிற காட்டுல, எப்படிம்மா விட்டுட்டு வருவோம்?" என்றாள். சாப்பாட்டை மூடிவைத்து எழுந்து போனவள் இவள்தான் என்று குரலிலேயே தெரிந்தது.

தோட்டத்தில் அன்றைக்கு நான் பட்ட பாட்டை என் எதிரிகளும் படக்கூடாது. ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. செடியின் காலடியில் சரம் சரமாக மண்ணில் கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூவும் பிஞ்சும் உதிராமல், முற்றிய காயை மட்டும் கிள்ள வேண்டும். இதை நாவலில் நான் அழகாகவே எழுதியிருக்கிறேன். கையால் செய்யும்போதுதான் நிறமெல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. மேஸ்திரி என் சாக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "சேச்சி, பிஞ்செல்லாம் விட்டேக்கு" என்று மலையாளத்தில், பிஞ்சையாவது விட்டுவைக்கச் சொன்னார். பெண்கள் சிரித்து உருண்டார்கள். நானும் சிரித்தேன். முட்டி சிரிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் எனக்கு ஒரு ஆசை வந்தது. என் கதாநாயகி நின்ற இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். தோட்டத்தின் கடைக்கோடியில் ஓடை இருப்பதாகச் சொன்னார்கள். மூணேமுக்காலுக்கு ஜீப், அதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கினேன். ஓடை அழகாகத்தான் இருந்தது. நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். நிமிர்ந்தபோது மஞ்சு வந்துவிட்டிருந்தது.

ஆள் உயரத்துக்கு மேல் செடி. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே செடி, அதே நிழல்மரம். வந்த வழி என்று நினைத்து ஏறினால் திரும்பவும் ஓடைக்கே வந்தேன். போனில் டவர் இல்லை. மேலே எங்கேயோ ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. மணி நாலு தாண்டியது. எனக்குப் பயம் வந்தது. நன்றாகவே பயந்தேன், யானைக்கும் பயந்தேன், தனிமைக்கும் பயந்தேன். அவர்கள் போயிருப்பார்கள் என்றே நினைத்தேன். காலையில் அத்தனை பேர் அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும், நான் எழுதி வைத்ததைத்தான் நான் நம்பினேன்.

அப்போது ஹாரன் கேட்டது. ஒரு நீள ஹாரன். பிறகு நிசப்தம். பிறகு மறுபடி அதே ஹாரன். நின்று கேட்டேன். சத்தம் ஒரே இடத்திலிருந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, மேலே ஏறி வந்தபோது மணி அஞ்சாகப் பத்து நிமிஷம். மற்ற ஜீப்புகள் நின்ற இடமெல்லாம் காலி. இது ஒன்று மட்டும் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துபோட்டு ஹாரனில் கை வைத்திருந்தார். பெண்கள் எல்லாரும் அவரவர் இடத்தில், மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்க ஓரம் மட்டும் காலியாக இருந்தது.

யாரும் திட்டவில்லை. ஒருத்தி என் காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டாள். நான் ஏதோ மன்னிப்புப் போல ஆரம்பித்தேன்.

"உக்காருங்கக்கா மொதல்ல" என்றார் பென்சில்காரி. காலையில் அம்மாவாக இருந்தவள் அக்காவாகியிருந்தேன்.

ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்து பதினாலு வரை வந்தது. என் முறை வந்தது. டிரைவர் காத்திருந்தார். பதினஞ்சு என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். போடி வரும்வரை எடுக்கவில்லை.

நாலு நாள் கழித்து அந்த டிரைவர் எங்கள் கடைக்கு உரம் வாங்க வந்தார். பேச்சுவாக்கில்தான் சொன்னார். அன்றைக்கு மேஸ்திரி, நீங்கள் போங்கள், நான் ஆள் விட்டுத் தேடி வைக்கிறேன் என்று சொன்னாராம். பதிமூணு பேரும் இறங்கவுமில்லை, கிளம்பச் சொல்லவுமில்லை. "அஞ்சாம் நம்பரு மக அன்னைக்குச் சாயங்காலம் பஸ்சுல கோயமுத்தூருக்கு நர்சிங் படிக்கக் கெளம்புச்சு. மொத மொதல்ல வீட்ட விட்டுப் போற புள்ள. இவுக போய்ச் சேரயில பஸ்சு போயிருச்சு. வழியனுப்ப முடியல."

நான் கடையில் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அஞ்சாம் நம்பர் என்றால் பென்சில்காரி, அன்றைக்கு அவர் ஒரு முகச்சுளிப்புக்கூடக் காட்டவில்லை. போன் செய்தேன். "அதான் போன்ல பேசிட்டேன்லக்கா. அவ நல்லாத்தான் போய்ச் சேந்தா. நீங்க உங்க சோலியப் பாருங்க" என்றார்.

சோலியைப் பார்த்தேன். மேஜையைத் துடைத்துப் பதினோராம் அத்தியாயத்தை முழுசாக எடுத்துவிட்டுப் புதுசாக எழுதினேன். இப்போது ஜீப் போவதில்லை. கதாநாயகி செடிகளுக்குள் ஒளிந்துகொண்டு, போய்த்தொலைய மாட்டார்களா என்று காத்திருக்கிறாள். ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யார் வீட்டில் யாருக்கு நேரமாகிறது என்று அவளுக்குத் தெரியும். தாங்கமுடியாமல் அவளே வெளியே வந்து தன் நம்பரைச் சொல்கிறாள். ஒரு வாரம் கழித்துப் பட்டப்பகலில், போடி பஸ் ஸ்டாண்டில், அந்தப் பெண்கள்தான் அவளைப் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் இருந்த எழுபது பக்கத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஏழு வாரம் ஆனது.

பதிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எல்லாரும் பாராட்டினதே அந்தக் காட்சியைத்தானே மேடம்" என்றார்.

"பாராட்டினவங்க யாரும் அந்த ஜீப்புல போனதில்ல சார். நானும்தான்" என்றேன்.

புதிய பக்கங்களை அவருக்கு அனுப்புவதற்கு முன்னால் பென்சில்காரிக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பென்சிலையும் மறக்காமல் கொண்டுபோகச் சொன்னேன். பத்து நாள் போன் வரவில்லை. மேடையில் பரிசு அறிவிக்கிற நேரத்தில்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. பதினோராவது நாள் கூப்பிட்டார்.

"முடிச்சிட்டோம்க்கா. மலையில நேரம் பத்தலைன்னு ராத்திரி எங்க வீட்டுத் திண்ணையிலயும் ஒக்காந்து வாசிச்சோம்."

"எங்கயாவது நிப்பாட்டினீங்களா?"

"ஒருநா நிப்பாட்டினோம். ஹாரன் அடிக்கிற எடத்துல எல்லாரும் அழுதுட்டாங்க, அதான். ஆனா ஒண்ணுக்கா. அவ தூக்குவாளியில சாம்பார் கொண்டு போறான்னு எழுதியிருக்கீங்க. இந்த வளைவுல சாம்பார் கொட்டாம என்னக்கா செய்யும்? புளிச்சோறுன்னு போடுங்க."

புளிச்சோறு என்று போட்டேன்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பழைய பதிப்பே நன்றாக இருந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதட்டும். போன மாதம் சென்னையில் ஒரு மேடையில் என் பட்டங்களையெல்லாம் வரிசையாக வாசித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ரயிலில் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை நேராக நூலகத்துக்குப் போனேன். அடுக்கில் இடைவெளி இருந்தது. பென்சில்காரி வேறொரு புத்தகம் தேடிக்கொண்டிருந்தார். மகள் லீவுக்கு வந்திருக்கிறாள் என்றார். ஜீப்பில் புதுசாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பின்பக்க ஓரத்தில் உட்காருகிறாள், வளைவில் கொஞ்சம் பயப்படுகிறாள் என்றும் சொன்னார்.

"அப்ப பதினஞ்சு அந்தப் பொண்ணுக்கா?" என்றேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அவர் புத்தக அடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "அவளுக்குப் பதினாறுக்கா. நீங்க லீவுலதான இருக்கீங்க."